இருபத்தெட்டு நாள் பணக்காரி

மல்லாவிச் சந்தியில் உரமும் மண்வெட்டிப் பிடியும் விற்கிற
குலவீரசிங்கத்தாரின் காசு
ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு
என் கணக்கில் வந்து குந்தியது.
எழுபத்தொரு இலட்சத்து நாற்பதாயிரம்.
பூச்சியங்களை விரலால் தொட்டுத் தொட்டு
அம்மா இரண்டு தரம் எண்ணினாள்.
இரண்டு தரமும் வேறு வேறு தொகை.

காசு இருபத்தெட்டு நாள் அசையக்கூடாது, அதுதான் விதி.
கோழிக்குக்கூட இருபத்தொரு நாள் போதும்.

வங்கி அட்டை அவரிடம்.
கையெழுத்து வைத்த வெற்றுத் துண்டு அவரிடம்.
மாதம் மூன்று வீத வட்டி, முற்பணமாய்,
அம்மாவின் சங்கிலி அடகுக்கடையில்.
பின்னேரம் ஆறு மணிக்குப் போன் எடுப்பார்.
"பிள்ளை, சாமான் இருக்கோ?"
"இருக்கு ஐயா."
காசு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

என் பெயர் எழில்நங்கை.
பிறப்புப் பத்திரத்தில் ழவுக்கு எல் போட்டிருந்தார்கள்,
அடையாள அட்டையில் இசட் எச்,
பரீட்சைச் சான்றிதழில் அந்த எழுத்தையே காணோம்.
மூவரும் ஒருத்தியே என்று
கிளிநொச்சியில் சமாதான நீதவான் முன் சத்தியம் செய்தேன்.
கண்ணாடிக்கு மேலால் வாசலைப் பார்த்தார் அவர்,
மற்ற இருவரும் வெளியில் நிற்கிறார்களோ என்பதுபோல.

படித்த பாடசாலைகள், இடைவெளி இல்லாமல்.
2009 என்ற கட்டத்தில் வந்து நின்றான்
முகவர் நிலையத்துப் பெடியன்.
"இதில என்ன போடுறது அக்கா?"
அவனுக்குப் பத்தொன்பது வயசு. கேட்டதில் பிழையில்லை.
"நாலாம் வகுப்பு."
"பள்ளிக்கூடத்தின்ர பேர்?"
வீதியில் தண்ணீர் பவுசர் ஒன்று
பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம் இரண்டுபேரும்.
கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டான்.
படிவம் கோட்டை ஏற்கவில்லை,
கட்டம் சிவப்பாய் மாறியது.

பத்தொன்பதாம் நாள்
வங்கி இருபத்தைந்து ரூபா வெட்டியது,
குறுஞ்செய்திக் கட்டணம்.
காசு பத்திரமாய் இருக்கிறதென்று
எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே குறுஞ்செய்திகளுக்கு.
மட்டுமட்டாய் இருந்த தொகை
ஒரு பணிஸ்கூட வாங்கமுடியாத அளவால் தாழ்ந்தது.
"திரும்ப ஒண்டிலயிருந்து எண்ணோணும்.
ஆயிரம் ரூபா கூடப் போட்டிருக்கலாமே அக்கா."

குலவீரசிங்கத்தார் கோபிக்கவில்லை.
கல்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.
அம்மா தோட்டைக் கழற்றினாள்,
துளை தூர்ந்துபோகாமல் ஈர்க்கு முறித்துச் செருகினாள்.
இந்தமுறை ஆயிரம் ரூபா கூடப் போட்டோம்.

படிப்பு முடியத் திரும்பி வருவேன் என்பதற்கு
ஆதாரம் கேட்டார்கள்.
அப்பாவின் காணிப் பேமிற் இருந்தது.
மூன்றரை ஏக்கர். வடக்கே வாய்க்கால், கிழக்கே பாலைமரம்.
வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்
ஒருநாள் வாய்க்காலைத் தாண்டி இங்காலே வந்துவிட்டது,
இப்போது விறகுக்கு நுழைந்தாலும் வழக்கு.
மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்.
வாய்க்காலையும் பாலையையும் பிழையில்லாமல் பெயர்த்தார்.
கல்லைப் பற்றிப் பத்திரத்தில் ஒன்றுமில்லை,
ஆகவே அதைப் பெயர்க்கவில்லை.
அந்த மூன்றரை ஏக்கருக்கு
நான் கட்டாயம் திரும்பி வருவேன் என்று
கீழே கையெழுத்து வைத்தேன்.

இருபத்தெட்டு நிறைந்த அன்று
வங்கிக் கடிதத்தில் முத்திரை மை காயமுன்
காசு போய்விட்டது.
துணுக்காய்ப் பெடியன் ஒருவனுக்காம். யப்பான்.

பின்னேரம் ஆறு மணி.
பழக்கத்தில் போனைக் கையில் வைத்திருந்தேன்.
சத்தம் கேட்டது, வங்கிதான்.
மீதி: தொள்ளாயிரத்து எழுபத்தைந்து ரூபா.
அம்மா வாங்கிப் பார்த்தாள்,
விரலால் தொட்டு எண்ணினாள்.
ஒரே தரத்தில் சரியாக வந்தது.